டயருக்கும் வயசு உண்டு!

குக்கர் காஸ்கெட் இறுகிப்போய் ஆவி ஒழுக ஆரம்பித்தால் நமக்கு உடனே தெரிந்துவிடுகிறது. காஸ் அடுப்பின் ரப்பர் ட்யூபை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறோம். அதன்மேல் அச்சடித்திருக்கிற வருஷத்தைப் பார்த்துப் புதுசு கேட்டு வாங்குகிறோம். குழந்தையின் பால் புட்டி நிப்பிள் லேசாகப் பிசுபிசுத்தாலே தூக்கி எறிந்து விடுகிறோம். வீட்டிலுள்ள ரப்பர் சாமான்கள் எல்லாமே நம் கண்காணிப்பில்தான் இருக்கின்றன, ஒன்றே ஒன்றைத் தவிர. வாசலில் நிற்கிற மோட்டார் சைக்கிளின் டயர்!

"அதெல்லாம் ஆம்பிளைங்க சமாசாரம்" என்று நம்மில் பலர் ஒதுங்கி விடுகிறோம். சரி, அந்த வண்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் கைக்குழந்தையை அணைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு போவது யார்? நாம்தானே! ஆகவே அந்த டயர் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள நமக்கு முழு உரிமை உண்டு. அது ஒன்றும் கம்ப சூத்திரமும் இல்லை.

எங்கள் ஆரணி நெசவாளர் ஊர். இங்கே வண்டி இல்லாமல் ஒரு நாள் நகராது. முதலாளி வீட்டிலிருந்து பாவும் ஊடையும் வாங்கி வர வண்டி. நெய்து அறுத்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்க வண்டி. சேவூர், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம் பக்கமிருந்தெல்லாம் நெசவாளர்கள் வண்டியில்தான் வந்து போகிறார்கள். சாயங்காலம் அதே வண்டியில் அரிசி மூட்டை வரும். ராத்திரி ஜுரத்தில் அனலாகக் கொதிக்கிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடுவதும் அதில்தான். என் கணவரும் பட்டுத் தறிதான் நெய்கிறார். என் தம்பி பதினைந்து வருஷமாக டயர், பஞ்சர் கடை வைத்திருக்கிறான். அவனிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

இரண்டு உள்ளங்கை இடம்

ஒரு டயர் ரோட்டைத் தொடுகிற இடம் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவு. அவ்வளவுதான்! முன்னால் ஒரு உள்ளங்கை, பின்னால் ஒரு உள்ளங்கை. ஓட்டுகிறவர், நாம், குழந்தை, கூடையிலிருக்கிற காய்கறி, இவ்வளவும் அந்த இரண்டு உள்ளங்கை இடத்தை நம்பித்தான் போகிறது. பிரேக் பிடித்தால் நிற்பதும், வளைவில் சறுக்காமல் திரும்புவதும் அந்த இடத்தின் பிடிப்பால்தான்.

டயரில் மேடும் பள்ளமுமாக இருப்பதைக் கடைக்காரர்கள் 'பட்டன்' என்பார்கள். அது அழகுக்காக அமைந்ததல்ல. மழை பெய்து ரோட்டில் தண்ணீர் நின்றால், அந்தப் பள்ளங்கள் வழியாகத் தண்ணீர் விலகி ஓடி, ரப்பர் ரோட்டைத் தொடும். பட்டன் தேய்ந்து மொட்டையாகிவிட்டால் தண்ணீருக்குப் போக வழி இல்லை. டயர் தண்ணீரின்மேல் மிதக்கிற மாதிரி ஆகிவிடும். கோடையில் ஒழுங்காக ஓடிய வண்டி ஐப்பசி மழையில் பிரேக் பிடித்ததும் வழுக்கிக்கொண்டு போவது இதனால்தான்.

டயருக்குள் ஒரு பாவு!

என் தம்பி ஒரு நாள் கிழிந்த டயர் ஒன்றைக் காட்டியபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. கறுப்பு ரப்பருக்கு அடியில் நூல்! நெருக்க நெருக்கமாக ஓடுகிற நைலான் இழைகள். எங்கள் பட்டுப் பாவு மாதிரியே இருக்கிறது. ஊடை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக, இழைகள் கலையாமல் பிடித்துக்கொள்வதற்காகப் போட்டிருக்கிறார்கள். 1970-களிலேயே சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இந்த டயர் நூலுக்கென்று ஆலை வந்துவிட்டது.

"பாரத்தைத் தாங்கறது இந்த நூலுதான் அக்கா. மேலே இருக்கற ரப்பரு நூலைக் காப்பாத்தற தோலு" என்றான் தம்பி.

நெசவுக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமா? தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்து விடலாம். டயருக்குள் இழை அறுந்தால் முடிச்சுப் போட ஆளில்லை. ரப்பரில் வெடிப்பு விழுந்து, அதன் வழியே தண்ணீரும் மண்ணும் இறங்கி நூலைத் தொட்டுவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. நூல் வெளியே தெரிகிற டயரில் ஒரு தெரு தாண்டிப் போவதுகூட ஆபத்துதான்.

ஓடாத டயர் கெடுமா?

2024-ம் வருஷம் ஆடி மாதம். பெங்களூரில் வேலை பார்க்கிற என் கொழுந்தனார், மனைவி குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தார். ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாளைத் தரிசிக்கப் போவதாக ஏற்பாடு. அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுப் பின்கட்டில், தகரக் கொட்டகையில் நிற்கிறது. தீபாவளி, பொங்கல் என்று வந்தால் நாலு நாள் ஓட்டுவார்; பிறகு படுதா போட்டு மூடிவிட்டுப் போய்விடுவார்.

"பட்டனெல்லாம் புதுசு மாதிரி இருக்கு அண்ணி. காத்து அடிச்சா போதும், கிளம்பிடலாம்" என்றார்.

பட்டன் இருந்தது வாஸ்தவம்தான். நான் டயரின் பக்கவாட்டில் தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். 2316 என்று ஒரு சின்னக் கட்டத்துக்குள் நாலு எண்கள்.

"தம்பி, இது 2016 ஜூன் மாசத்து டயரு. எட்டு வயசாச்சு."

"வண்டி ஓடவே இல்லையே அண்ணி! ஓடாத டயர் எப்படிக் கெடும்?"

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. ஜன்னல் ஓரத்தில் மாட்டி வைத்த ரப்பர் பாண்டை ஒரு வருஷம் கழித்து இழுத்துப் பாருங்கள், பட்டென்று அறுந்து விடும். அதை யார் உபயோகித்தார்கள்? வெயில், சூடு, காற்றிலுள்ள ஆக்ஸிஜன், ஓசோன் எல்லாமாகச் சேர்ந்து ரப்பரை இறுக வைத்துவிடுகின்றன. டயருக்கும் இதே கதிதான். சொல்லப்போனால் நின்றுகொண்டே இருக்கிற டயருக்கு இன்னும் மோசம். ரப்பருக்குள் ஒரு வகை மெழுகு கலந்திருப்பார்களாம். வண்டி ஓடும்போது டயர் மடங்கி நிமிர்வதால் அந்த மெழுகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்து பூச்சு மாதிரி காக்கும். ஓடாவிட்டால் மெழுகு மேலே வராது. போதாக்குறைக்குக் காற்று இறங்கி, ஒரே இடத்தில் பாரம் அழுந்தி, அந்த மடிப்பில் வெடிப்பு விழும்.

"ஒரு நாளைக்குத்தானே! போய்ட்டு வந்து மாத்திக்கட்டுமே. இப்ப எதுக்கு நாலாயிரம் செலவு?" என்றார் என் கணவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நாலாயிரம் என்பது எங்களைப் போன்றவர்கள் வீட்டில் சின்னத் தொகையா?

நான் வாக்குவாதம் செய்யவில்லை. "அப்ப ஒண்ணு செய்யலாம். குழந்தையை நான் பஸ்ஸுல கூட்டிக்கிட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் வண்டியில வாங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. என் ஓரகத்திதான் மெதுவாகச் சொன்னாள்: "குழந்தைக்கு ஆகாதுன்னா எங்களுக்கு மட்டும் ஆகுமாக்கா?"

வண்டியை என் தம்பி கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். பின் டயரைக் கழற்றி இரண்டு கையாலும் வளைத்துக் காட்டினான். மேலே மயிரிழையாகத் தெரிந்த கோடுகள் எல்லாம் வற்றிய ஏரி மண் மாதிரி பிளந்துகொண்டன. இரண்டு இடத்தில் உள்ளே நூல் தெரிந்தது. கொழுந்தனார் விரலால் தடவிப் பார்த்தார். "ரெண்டையும் மாத்திடுங்க" என்றார். மறுநாள் படவேடு போய்த் திரும்பும் வழியில் நல்ல மழை. புது டயரில் நிதானமாக ஓட்டி வந்து, தலையைத் துவட்டிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்கள்.

நாமே பார்த்துத் தெரிந்து கொள்வது எப்படி?

மாதம் ஒரு முறை, வாசல் தெளிக்கிற நேரத்தில் ஐந்து நிமிஷம் ஒதுக்கினால் போதும்.

*வயசு:* டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்களை ஒட்டியோ, தனியாகவோ நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு எண் வாரம், கடைசி இரண்டு எண் வருஷம். 3221 என்றால் 2021-ம் வருஷத்தின் 32-வது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் செய்தது. ஒரு பக்கம் தெரியாவிட்டால் மறுபக்கம் பாருங்கள். ஐந்து வருஷம் ஆகிவிட்டால் வருஷா வருஷம் கடையில் காட்டிச் சோதிக்க வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்குப் பத்து வருஷம் வரை காத்திருக்கவே வேண்டாம் என்பது என் தம்பியின் அபிப்பிராயம்.

*பட்டன்:* டயரின் ஓரத்தில் டி.டபிள்யூ.ஐ. என்றோ, சின்ன முக்கோணமாகவோ ஓர் அடையாளம் இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பார்த்தால் குட்டி மேடு ஒன்று தெரியும். பட்டன் தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரை மாற்றும் நாள் வந்துவிட்டது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இரண்டு சக்கர வண்டிக்குப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அது எவ்வளவு? உங்கள் ஏ.டி.எம். கார்டின் கனம்தான்! பள்ளம் அவ்வளவுதான் மிஞ்சியிருக்கிறது என்றால் சட்டப்படியே அந்த டயர் முடிந்துவிட்டது. மழைக்காலம் வரப்போகிறது என்றால் அதுவரைகூட விட வேண்டாம்.

*வெடிப்பு, வீக்கம்:* பட்டன்களுக்கு நடுவிலும் பக்கவாட்டிலும் பாருங்கள். நகத்தின் நுனி இறங்குகிற வெடிப்பு என்றால் கடைக்குக் காட்டி விடுங்கள். பக்கவாட்டில் கொழுக்கட்டை மாதிரி புடைத்திருந்தால் உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கே மாற்ற வேண்டும்.

*தேய்மானம்:* நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைச்சல். அளவு உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருக்கும்; சில வண்டிகளில் ஸ்டிக்கராகவும் ஒட்டியிருப்பார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் பின் டயருக்குக் கூடுதல் காற்று வேண்டும். காலையில் டயர் சூடாகும் முன்பே அடிக்க வேண்டும்.

*அடிக்கடி பஞ்சர்:* ஒரே மாதத்தில் இரண்டு மூன்று பஞ்சர் என்றால் ஆணியைத் திட்டிப் பிரயோசனமில்லை. ரப்பர் மெலிந்துவிட்டது என்று புரிந்து கொள்ளுங்கள்.

முன் டயரை மறக்காதீர்கள்

பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அதனால் பலர் பின் டயரை மட்டும் இரண்டு தடவை மாற்றிவிட்டு, வண்டி வாங்கியபோது வந்த முன் டயரை அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது தேய்ந்திருக்காது, ஆனால் கிழமாகியிருக்கும். பின் சக்கரம் சறுக்கினால் சமாளித்துவிட ஓர் அவகாசமாவது கிடைக்கும். முன் சக்கரம் சறுக்கினால் அந்த க்ஷணமே கீழேதான். ஹாண்டில் திரும்புவதும், பிரேக்கின் பெரும் பலம் இறங்குவதும் முன் டயரில்தான் என்பதால், அதன் வயசை அவசியம் பாருங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

சாதாரண 100 சி.சி. வண்டிக்கு ஒரு டயர் ஏறக்குறைய 1,500 முதல் 2,500 ரூபாய் வரை ஆகலாம். ஒரேயடியாக எடுக்கச் சொன்னால் யாருக்கும் கஷ்டம்தான். பாவு தீர்ந்து அடுத்த பாவு வருவதற்குள் கை வறண்டு போகிற வீடுகள் எங்கள் தெருவில் எத்தனையோ! நான் செய்வது இதுதான்: அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். மாதம் 100 ரூபாய் அதில் போட்டுவிடுவேன். மூன்று வருஷத்தில் 3,600 ரூபாய். இரண்டு டயரும் அநேகமாக அதிலேயே அடங்கிவிடும். "டயருக்குப் பணம் இருக்கு" என்றால் ஆண்கள் "அப்புறம் பாக்கலாம்" என்று சொல்ல மாட்டார்கள்.

மலிவு என்று பழைய டயர் வாங்காதீர்கள். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் புதுக் கோடு வெட்டி, கறுப்புப் பாலீஷ் தடவி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்தால் பளபளவென்று இருக்கும். ரப்பரை வெட்ட வெட்ட நூலுக்கு அருகில் போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது

பழைய டயரில் இருக்கிற எண்களை அப்படியே எழுதி எடுத்துப் போங்கள். உதாரணமாக 2.75-18 42பி என்றிருந்தால், அகலம் 2.75 அங்குலம், உள்வளையம் 18 அங்குலம். 42 என்பது 150 கிலோ தாங்கும் என்பதன் குறி. பி என்பது மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை. பின் டயருக்கு இந்தப் பார எண் பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 48 என்றால் 180 கிலோ. குறைந்த எண்ணைக் கொடுத்தால் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, செய்த தேதி ஒரு வருஷத்துக்குள்தானா என்று பாருங்கள். ட்யூப் டயர் என்றால் ட்யூபையும் புதுசாகப் போட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் அம்புக்குறி இருந்தால் சக்கரம் சுற்றுகிற திசையிலேயே அது இருக்க வேண்டும். பில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

புது டயர் முதல் 100, 150 கிலோமீட்டர் வரை வழவழப்பாக இருக்கும். அதுவரை வேகமும் வேண்டாம், வளைவில் சாய்ப்பதும் வேண்டாம்.

டயரைக் காப்பது

சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும். மினுக்குவதற்காக மண்ணெண்ணெய், டீசல், தேங்காய் எண்ணெய் எதுவும் தடவக் கூடாது, ரப்பர் கெட்டுவிடும். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். மோட்டார் பம்புக்குப் பக்கத்தில் வேண்டாம். மின் மோட்டாரிலிருந்து வருகிற ஓசோன் ரப்பருக்கு ஆகாது. பல நாள் ஓடாமல் நிற்கிற வண்டி என்றால் நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வாரம் ஒரு முறை தெருவை ஒரு சுற்று சுற்றி வரச் சொல்லுங்கள்.

கழற்றிய டயரை என்ன செய்வது?

வீட்டுக்கு எடுத்து வராதீர்கள்! மொட்டை மாடியிலோ கொல்லையிலோ கிடக்கிற டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசுவுக்கு அது தொட்டில் மாதிரி. ஒரு வாரம், பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். போகிக்கு எரிக்கவும் கூடாது. அந்தக் கரும்புகை பச்சைக் குழந்தைகளின் மூச்சை அடைத்துவிடும். கடையிலேயே விட்டுவிட்டு வருவதுதான் உத்தமம்.

1888-ம் வருஷம் பெல்ஃபாஸ்ட் நகரில் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தம் சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் காற்றடைத்த டயரைச் செய்தாராம். ஒரு குழந்தையின் சௌகரியத்துக்காகப் பிறந்த சாமான் அது. அதன்மேல் நம் குழந்தைகளை உட்கார வைப்பதற்கு முன்னால், அந்த நாலு எண்களைப் படிக்க நமக்கு அரை நிமிஷம் போதும். நாளைக் காலையில் கோலம் போட்டு முடித்ததும் ஒரு துணியால் தூசியைத் துடைத்துப் பாருங்கள். வயசு தெரிந்தால், காலண்டரில் குறித்து வையுங்கள்!